பாவமா, குற்றமா?

தமிழில் 'பாவம்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் வழங்குகின்றன. ஒன்று, அறம் பிழைத்த செயல். மற்றொன்று, 'ஐயோ பாவம்' என்று நாம் நாள்தோறும் சொல்லும் இரக்கக் குறிப்பு. ஒரே சொல் எவ்வாறு இவ்விரு திசைகளிலும் கிளைத்தது என்பதைச் சொல்லாராய்ச்சி செய்வோரிடம் விட்டுவிடலாம். நம் கவலை வேறு. மதகுரு ஒருவர் ஒரு குழந்தையிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்ற செய்தி வெளிவரும் போதெல்லாம், இவ்விரு பொருள்களும் அந்தக் குருவின் மீதே சென்று படிகின்றன. அவர் செய்தது பாவம். வருந்துகிறார், ஆகவே அவர் பாவம். குழந்தைக்கு அந்த இரண்டாவது பொருள்கூட மிஞ்சுவதில்லை.

இந்தப் பேச்சில் எங்கும் நுழைய அனுமதிக்கப்படாத சொல் ஒன்றுண்டு. அது 'குற்றம்'. பாவத்தை விசாரிப்பவர் குரு. அதற்குப் பரிகாரம் செபமும் தவமும். அதன் முடிவு மன்னிப்பு. குற்றத்தை விசாரிப்பது காவல்துறை, தீர்ப்பது நீதிமன்றம், அதன் முடிவு தண்டனை. ஒரு செயல் இரண்டாகவும் இருக்கலாம். ஆனால் முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைத்துவிடும் வழக்கம்தான், திருச்சபைகளில் குழந்தைகள் தொடர்ந்து காயப்படுவதற்கு முதன்மையான காரணம் என்பது நம் வாதம். அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் நடந்ததை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சொல்லவில்லை. நம் தமிழ்நாட்டு மறைமாவட்டம் ஒன்றின் கதையே போதும்.

உதகமண்டலம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த குரு ஜோசப் பழனிவேல் ஜெயபால், 2004-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள குரூக்ஸ்டன் மறைமாவட்டத்துக்குப் பணியாற்றச் சென்றார். கனடா எல்லையை ஒட்டிய கிரீன்புஷ் என்னும் சிற்றூரில் பங்குப் பணி. 2005-ல் தாயின் உடல்நிலையைக் காரணம் காட்டி ஊர் திரும்பினார். அதன்பின் அங்கே பதின்வயதுச் சிறுமியர் இருவர் அவர்மீது பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகளைக் கூறினர். அமெரிக்க அரசுத்தரப்பு வழக்குத் தொடுத்தது. குரூக்ஸ்டன் ஆயர் வத்திக்கானுக்கு எழுதினார். 2006-ல் வத்திக்கானிலிருந்து வந்த பதிலில், அவர் சிறார்களுக்கு ஆபத்தாகாதபடியும் இறைமக்களிடையே இடறல் உண்டாக்காதபடியும் கண்காணிக்குமாறு உதகை ஆயரிடம் கேட்டுக்கொள்ளப்பட்டிருப்பதாகத் தெரிவிக்கப்பட்டது.

கண்காணிப்பு எப்படி இருந்தது? 2010-ல் இச்செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளியானபோது, அவர் ஆயரின் அலுவலகத்தில் இருந்துகொண்டு மறைமாவட்டப் பள்ளிகளின் ஆசிரியர் நியமனக் காகிதங்களைக் கவனித்து வந்தார் என்பது தெரியவந்தது. குழந்தைகளைத் துன்புறுத்தியதாக வெளிநாட்டில் வழக்கு நிலுவையில் உள்ள ஒருவர், குழந்தைகளுக்கு யார் பாடம் நடத்துவது என்பது தொடர்பான வேலையில்! அவரைக் குருத்துவத்திலிருந்து நீக்கலாம் என்று வத்திக்கான் பரிந்துரைத்ததையும் உதகை ஆயர் ஏற்கவில்லை. தாமே ஒரு திருச்சபை விசாரணை நடத்தி, ஓராண்டு மடத்தில் செபத்தில் கழிக்குமாறு விதித்ததாக அவரே பத்திரிகையாளர்களிடம் கூறினார். பாவத்துக்குரிய நடைமுறை இம்மி பிசகாமல் நிறைவேறிவிட்டது. குற்றத்துக்குரிய நடைமுறை வாசலில் நின்றுகொண்டிருந்தது.

அந்த நடைமுறையை இன்டர்போல்தான் உள்ளே அழைத்து வந்தது. 2012 மார்ச்சில் அவர் தமிழ்நாட்டில் கைது செய்யப்பட்டார். 2014-ல் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டார். 2015-ல் ஒரு சிறுமி தொடர்பான குற்றத்தை நீதிமன்றத்தில் தாமே ஒப்புக்கொண்டார். அந்த உடன்பாட்டின்படி மற்றவர் தொடர்பான குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. ஓராண்டும் ஒரு நாளும் சிறை. அதையும் அவர் ஏற்கெனவே காவலில் கழித்திருந்ததால் நாடு திரும்பினார். 2016 ஜனவரியில் உதகை ஆயர் அருளப்பன் அமல்ராஜ் அவர்மீதிருந்த பணியிடை நீக்கத்தை விலக்கினார். வத்திக்கானைக் கலந்துகொண்டே அவ்வாறு செய்ததாக மறைமாவட்டம் விளக்கம் தந்தது.

இதற்கு முந்தைய கட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு சமாதானம் சொல்லலாம். தூரம், மொழி, ஆதாரமின்மை, தவறான தகவல். 2016-ல் எடுத்த முடிவுக்கு அப்படிப்பட்ட சமாதானம் எதுவும் கிடையாது. அது குற்றவாளியே குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு, தீர்ப்பு எழுதப்பட்ட பிறகு எடுத்த முடிவு. 'தண்டனையை அனுபவித்துவிட்டார், இனி மன்னிப்பதுதானே கிறிஸ்தவம்?' என்று கேட்பார்கள். மன்னியுங்கள், அதில் தலையிட நமக்கு உரிமையில்லை. ஒருவரை மன்னிப்பதும் அவரிடம் பதவியைத் திருப்பித் தருவதும் ஒன்றா என்பதே கேள்வி. வங்கியில் கையாடல் செய்து சிறை சென்று மீண்ட காசாளருக்கு நாம் இரங்கலாம், வேறு வேலைகூடத் தேடித் தரலாம். பெட்டகத்தின் சாவியைத் தர மாட்டோம். பணத்துக்குக் காட்டும் எச்சரிக்கையைப் பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாதா?

வள்ளுவர் கண்ணோட்டத்தை ஓர் அறமாகப் போற்றி அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் அதற்கு முன்பே செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்து, முறை செய்யுமிடத்தில் யாரிடத்தும் கண்ணோடலாகாது என்று வரம்பு கட்டினார். இரக்கமும் முறையும் இரண்டு அதிகாரங்கள். அவற்றை ஒன்றாகத் தைத்துவிட்டால் வலியவனுக்கு இரக்கமும் எளியவனுக்கு உபதேசமும்தான் மிஞ்சும்.

'இடறல்' என்ற சொல்லையும் சற்று நின்று பார்க்க வேண்டும். நற்செய்தி நூலைப் படித்தவர்களுக்கு இச்சொல் புதிதல்ல. சிறியவர்களுக்கு இடறல் உண்டாக்குபவனைப் பற்றி இயேசு சொன்ன இடம், அவருடைய உரைகளிலேயே மிகக் கடுமையானவற்றுள் ஒன்று. எந்திரக்கல்லும் ஆழ்கடலும் வரும் இடம் அது. அங்கே இடறுகிறவர்கள் சிறியவர்கள். நிறுவனத்தின் கடிதங்களில் இச்சொல் வரும்போதோ, செய்தி வெளியே தெரிந்து விசுவாசிகள் மனம் கலங்குவதே இடறலாகிவிடுகிறது. அதாவது, செயலிலிருந்த இடறல் செய்திக்கு மாறிவிட்டது. செய்தியை அடக்கினால் இடறல் நீங்கிவிடும் என்ற கணக்கு அங்கிருந்துதான் பிறக்கிறது. பாஸ்டன் நகரில் 2002-ல் பத்திரிகை அம்பலப்படுத்தியது இந்தக் கணக்கைத்தான். பென்சில்வேனியாவில் 2018-ல் வெளியான பெருநடுவர் குழு அறிக்கை 300-க்கும் மேற்பட்ட குருக்களையும் 1,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளையும் அடையாளம் கண்டு காட்டியது இந்தக் கணக்கின் விளைவைத்தான். இது கத்தோலிக்கத்துக்கு மட்டும் உரிய நோய் என்று மற்றவர்கள் நிம்மதி கொள்ள வேண்டாம். இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பி 2024 நவம்பரில் பதவி விலக நேர்ந்ததும், சிறுவர்களைப் பல்லாண்டுகள் வதைத்த ஒருவரைப் பற்றிய புகார் தம்மிடம் வந்தபின் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்பதற்காகவே.

சரி, வெளியே சொல்லாமல் இருப்பது நிறுவனம் மட்டும்தானா? இல்லை. நம் குடும்பங்களும் அதற்குத் துணை நிற்கின்றன. கேரளத்தின் கொட்டியூர் வழக்கு இதற்குச் சான்று. பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி 2017-ல் குழந்தை பெற்றாள். பங்குத்தந்தையாகவும் பள்ளி நிர்வாகியாகவும் இருந்த ராபின் வடக்கும்சேரி கைதாவதற்கு முன், 'நானே காரணம்' என்று போலீசாரிடம் சொன்னவர் அச்சிறுமியின் தந்தை! பெற்ற மகளைக் கெடுத்தவன் என்ற பழியைச் சுமப்பது, குருவின் பெயரைச் சொல்வதைவிட எளிதாக இருந்திருக்கிறது. விசாரணையின்போது சிறுமியும் பெற்றோரும் பிறழ்சாட்சியாயினர். ஆனாலும் மரபணுச் சோதனை பிறழவில்லை. 2019 பிப்ரவரியில் தலச்சேரி நீதிமன்றம் இருபது ஆண்டுச் சிறை விதித்தது. பின்னர் அப்பெண்ணை மணந்துகொள்வதாகச் சொல்லி ஜாமீன் கேட்கும் மனுவும் உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2021 ஆகஸ்டில் அது நிராகரிக்கப்பட்டது. தாலி கட்டிவிட்டால் குற்றம் கரைந்துவிடும் என்று நம்பும் நாட்டாமைப் புத்தி, உச்சநீதிமன்றத்தின் படியேறிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

அந்தத் தந்தையைத் தூற்றுவது எளிது. அவர் எங்கே நின்றுகொண்டு அதைச் சொன்னார் என்று பார்ப்பதே நேர்மை. கல்யாணத்துக்கும் கல்லறைக்கும் ஓலை தருபவர், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் தருபவர், கடனுக்கும் வேலைக்கும் சிபாரிசு செய்பவர் எல்லாம் ஒரே ஆள் என்றால், அந்த ஆளின் மீது புகார் சொல்வது தன் ஊரின் மீதே புகார் சொல்வதாகிவிடுகிறது. ஆகவே துணிவில்லை என்று பெற்றோரை ஏசுவதில் பயனில்லை. அவர்களுடைய துணிவைச் சாராத ஒரு வழி வேண்டும்.

அந்த வழி சட்டத்தில் இருக்கிறது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவு, குழந்தைக்கெதிரான குற்றம் நடந்திருப்பதாக, ஏன், நடக்கக்கூடும் என்று அஞ்சுவதாக இருந்தாலும், அதை அறிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. எவரும் என்றால் எவரும். ஆயர், பங்குத்தந்தை, கன்னியர் மடத்துத் தலைவி, சபைப் போதகர், ஞாயிறு பள்ளி ஆசிரியை, கோயில்பிள்ளை எல்லாரும் அதில் அடக்கம். பாவசங்கீர்த்தனத்துக்கென்று அங்கே விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை; தமக்குக் கீழே பணிபுரிபவரின் குற்றத்தை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. மத நிறுவனத்தின் நிர்வாகியோ ஊழியரோ அங்குள்ள குழந்தைக்கு இழைக்கும் குற்றத்தைச் சட்டம் மேலும் கடுமையான வகையில் சேர்த்திருக்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது. குழந்தையின் புகார் பொய் என்று தெரிந்தாலும் குழந்தைக்குத் தண்டனை கிடையாது. குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தம் ஊழியர்கள் அனைவரையும் காவல்துறைச் சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும் என்று 2020-ம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. நம் மறைமாவட்டங்களிலும் சபைகளிலும் எத்தனை இடங்களில் வேதபாட ஆசிரியருக்கும் பாடகர் குழுத் தலைவருக்கும் இந்தச் சரிபார்ப்பு நடந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

வத்திக்கானும் மாறவில்லை என்று சொல்ல முடியாது. 2019 மே மாதம் வந்த புதிய ஆணை, இத்தகைய புகார்களைத் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவிப்பதைக் குருக்களுக்கும் துறவியருக்கும் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் இவ்வழக்குகள் மீதிருந்த 'திருத்தந்தை இரகசியம்' என்ற பூட்டு நீக்கப்பட்டது. வரவேற்போம். ஆனால் அந்த ஆணை திறந்துவிடும் கதவு திருச்சபைக்கு உள்ளேதான் இருக்கிறது. நம் சட்டம் காட்டும் கதவு காவல்நிலையத்தின் கதவு. முதலாவதைத் தட்டிவிட்டதால் இரண்டாவதைத் தட்ட வேண்டியதில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்க முடியாது என்பது எந்த மதத்துக்கும் பொதுவான நீதி.

ஆயரே இல்லாத சபைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. ஊருக்கு ஊர் வாடகைக் கூடங்களில் தொடங்கப்படும் தனிச்சபைகளில் போதகரே நிறுவனர், போதகரே பொருளாளர், போதகரே நீதிமன்றம். 2025 ஏப்ரலில் கோவையைச் சேர்ந்த பிரபலமான இளம் போதகர் ஒருவர், சிறுமியர் இருவரிடம் அத்துமீறியதான குற்றச்சாட்டில் போக்சோ சட்டத்தின்கீழ் மூணாறில் கைது செய்யப்பட்டார். அவர் குற்றவாளியா என்பதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம்; நாம் அதற்குள் போகவில்லை. கைதுச் செய்தி வந்தவுடன் அவருடைய இரசிகர்களில் பலர் செபிக்கச் சொன்னது யாருக்காக என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறோம்.

'அண்ணாமலையார் ஊரில் உட்கார்ந்துகொண்டு தேவாலயத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தகுதி?' என்று ஒரு சாரார் கேட்கக்கூடும். 'இது சிறுபான்மையினர் மீது சேறு வாரி இறைப்பவர்களுக்குத்தானே பயன்படும்?' என்று வேறொரு சாரார், நம் நண்பர்களே, கேட்கக்கூடும். இரண்டாவது கேள்வி உண்மையான அச்சத்திலிருந்து வருவது என்பதால் அதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

கிறிஸ்தவப் பணிக்கு இம்மாவட்டம் பட்டிருக்கும் கடன் சிறிதன்று. திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளியின் பெஞ்சுகளில் அமர்ந்து எழுத்தறிந்தவர்களில் எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் உண்டு. சேத்துப்பட்டில் பிரெஞ்சுக் குரு தாராஸ் எழுப்பிய பணித்தளத்தின் வழியாகப் படிப்பும் மருத்துவமும் சென்று சேர்ந்தது, வேறு எவரும் எட்டிப் பார்க்காத சேரிகளுக்கு. தமிழ் இலக்கியம் கற்பிக்கும் எவரும் வீரமாமுனிவரையும் சீகன்பால்குவையும் வணங்காமல் வகுப்பறைக்குள் நுழைய முடியாது. இவ்வளவையும் நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம். ஒப்புக்கொண்ட பின்பும் கேட்கிறோம்: அந்தக் கடனை யாருடைய பிள்ளைகளின் உடலைக் கொண்டு அடைப்பது?

பாதிக்கப்படும் குழந்தைகளும் பெரும்பாலும் அதே சிறுபான்மைச் சமூகத்துக் குழந்தைகள்தான். அவர்களிலும் ஏழைகள், தலித்துகள், மலைமக்கள், தந்தையற்றவர்கள். சமூகத்தைக் காப்பது என்றால் முதலில் அவர்களைக் காப்பதுதானே? வாயை மூடிக்கொள்வதால் மதவெறியர்களுக்கு ஆயுதம் கிடைக்காமல் போகும் என்பதும் தப்புக் கணக்கு. ஒரு சபை தானே முன்வந்து புகாரைக் காவல்துறையிடம் ஒப்படைத்தால், அதில் அவதூறு செய்ய என்ன மிச்சமிருக்கிறது? பத்து ஆண்டு மறைத்துவைத்துப் பின்பு அம்பலமாவதுதான் ஆயுதம்.

தேவாலயத்தைச் சுட்டிக்காட்டி மகிழ்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018 ஏப்ரலில் ஜோத்பூர் நீதிமன்றம், தம் ஆசிரமப் பள்ளியில் பயின்ற சிறுமியைக் கற்பழித்த குற்றத்துக்காகச் சாமியார் ஆசாராமுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவருக்காகக் கண்ணீர் விட்டவர்களுக்குத் தேவாலயக் குழந்தைகளைப் பற்றிப் பேச வாய் எங்கிருந்து வருகிறது? கிரிவலப் பாதையின் மடங்களுக்கும், மதரசாக்களுக்கும், நாத்திகர் நடத்தும் விடுதிகளுக்கும், நாம் வேலை செய்யும் கல்லூரிகளுக்கும் இதே அளவுகோல்தான். அங்கி எந்த நிறமாயினும், உள்ளே வரும் குழந்தைக்கு வயது ஒன்றுதான்.

இந்த அளவுகோலுக்கு நம் மாவட்டத்தில் அவசரத் தேவை இருக்கிறது. ஜவ்வாது மலையிலிருந்தும் செங்கம், தண்டராம்பட்டுப் பக்கமிருந்தும் பெற்றோர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிப் போகும்போது, பிள்ளைகள் விடுதிகளிலும் காப்பகங்களிலும் விடப்படுகின்றனர். வெளிநாட்டு யாத்திரிகர்கள் வந்துபோகும் ஊர் என்பதால் நன்கொடையும் வருகிறது. நன்கொடையைக் காட்டிக் காப்பகம் தொடங்குவதும் எளிதாகிறது. 2018-ல் இம்மாவட்டத்திலேயே ஒரு தனியார் காப்பகத்திலிருந்து சிறுமியர் மீட்கப்பட்டதும், அதை நடத்தியவர் போக்சோவில் கைதானதும் நாம் மறந்துவிடக் கூடிய செய்திகளல்ல. சோறு போடுபவனே கை நீட்டும்போது அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? அம்மாவின் தொலைபேசி எண்கூடக் காப்பக அலுவலகத்தில்தானே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறோம். புகார் வந்த அன்றே காவல்துறைக்குத் தகவல். உள்விசாரணை அதன் பின்னரே. வழக்கு முடியும்வரை குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைகள் உள்ள எந்தப் பணியிலும் இருக்கலாகாது. வேறு பங்குக்கு மாற்றுவது நடவடிக்கை ஆகாது. தண்டனை பெற்றவருக்கு மீண்டும் பொதுப்பணி இல்லை என்று ஒவ்வொரு மறைமாவட்டமும் பேராயமும் சபையும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பாதுகாப்புக் குழுவில் குருக்கள் சிறுபான்மையாகவும், பெண்களும் சபைக்கு வெளியே உள்ளவர்களும் பெரும்பான்மையாகவும் இருக்க வேண்டும். 1098 என்ற எண் தேவாலய வாசலிலும், ஞாயிறு பள்ளியிலும், விடுதியின் ஒவ்வொரு மாடியிலும் குழந்தையின் கண்ணுயரத்தில் எழுதப்பட வேண்டும்; அந்த எண்ணை யாருடைய அனுமதியும் கேட்காமல் அழைக்க ஒரு தொலைபேசியும் வேண்டும்.

கடைசியாக ஒன்று. பிரெஞ்சுத் திருச்சபை தானே ஒரு சுதந்திர ஆணையத்தை அமைத்து, 1950 முதல் குருக்களாலும் துறவியராலும் பாதிக்கப்பட்ட சிறார்கள் ஏறத்தாழ 2,16,000 பேர் என்ற மதிப்பீட்டை 2021 அக்டோபரில் உலகின் முன் வைக்க அனுமதித்தது. அந்த எண்ணால் திருச்சபை அழிந்துவிடவில்லை. இந்தியத் திருச்சபைகள் அப்படியோர் ஆணையத்தை இன்றுவரை அமைக்கவில்லை. எண்ணப்படாத காரணத்தால் இங்கே எண்ணிக்கை குறைவு என்று சொல்லிக்கொள்ள முடிகிறது. எண்ணத் தொடங்குங்கள். முன்வந்து சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களிற் பலருக்கு இப்போது நரைத்தும் விட்டது. அவர்கள் மன்னிப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு அவர்களே தீர்மானித்துக்கொள்வார்கள்.